தவறியவர் பேர் முதலில்

பெரிய வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் ஓலை எழுதினால் அதில் என்ன இருக்கும்? ராஜாவின் காய்ச்சலை இறக்கினேன், ஜமீன்தாரை எழுந்து நடக்க வைத்தேன் என்று பெருமைதான் இருக்கும். நம்மில் யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை.

ஸ்ரீவைகுண்டத்துச் சடையப்ப வைத்தியரும் காயல்பட்டினத்து ஹக்கீம் மீரான் லெப்பையும் எழுதிக்கொண்டது இதற்குத் தலைகீழ். முதலில் தவறியவர், அதாவது வைத்தியம் பார்த்தும் இறந்துபோனவர் பேர். யார் பிள்ளை, என்ன மருந்து, எங்கே கை பிசகியது, அத்தனையும் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் தேறியவர். கடைசி வரியில் வைத்தியம் பார்த்தவர் பேர்.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் இருவரும் மற்றவரைத்தான் கைகாட்டுவார்கள். இவர் சித்த வைத்தியம், அவர் யூனானி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. உப்பு வண்டியில் ஓலை போகும், உப்பு வண்டியில் ஓலை வரும்.

சடையப்பருக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் சீடர் அனவரதம் பிள்ளை. நாற்பது வயதில் சீடரானவர். அவருடைய ஒரே மகள் ஆவுடை தொண்டை அடைப்பான் கண்டு சடையப்பர் கையில்தான் இறந்தாள். அவள் இறந்த அன்றைக்கே சடையப்பர் அவரிடம் சொல்லிவிட்டார்:

"மருந்து சரிதான். படுக்க வச்சுப் புகட்டினது என் தப்பு. மூச்சுக்குழல்ல இறங்கிட்டு."

ஒரு வருஷம் அனவரதம் அந்தத் தெருவழியே போகவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "எனக்கு வைத்தியம் சொல்லிக் குடுங்க ஐயா" என்று நின்றார். ஏன் என்று சடையப்பர் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்.

ஒருநாள் உச்சிவேளையில் காயலிலிருந்து குதிரைக்காரன் ஒருவன் வந்து இறங்கினான். உப்பு வண்டிக்குக் காத்திருக்க முடியாத ஓலை. அனவரதம் வாசித்தார்.

"தவறியவர், படகோட்டி காசிம் மகன். தொண்டை அடைப்பான். தேறியவர் இன்னும் ஒருவரும் இல்லை. இன்று காலை என் பேத்தி ஜைனபுக்கும் அடைத்துக்கொண்டது. உங்கள் கஷாயத்தை எழுதியனுப்புங்கள். எனக்குக் கை ஓடவில்லை."

சடையப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குதிரைக்குத் தண்ணி காட்டச் சொல்லும். நீரு எழுத்தாணியை எடும்" என்றார். "தவறியவர், ஆவுடை. அனவரதம் பிள்ளை மகள். படுக்க வைத்துப் புகட்டினேன். கஷாயம் மூச்சுக்குழலில் இறங்கியது."

பிறகு, தேறியவன் நெசவாளர் மகன் என்றார். கஷாயச் சரக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் தன் பேரைச் சொன்னார்.

எழுத்தாணி கீறும் சத்தம் நின்றதும், "வாசியும்வே" என்றார்.

அனவரதம் வாசித்தார். ஆவுடையில் ஆரம்பித்துச் சடையப்பர் பேர்வரை குரல் தடுமாறாமல் வாசித்தார்.

"ஏடு ஒண்ணு குறையுதே" என்றார் சடையப்பர்.

"இல்லையே ஐயா."

"புரளுத சத்தம் எனக்குக் கேக்கும்லா. ஆவுடையை நீரு ஏட்டைப் பாத்து வாசிக்கல."

அனவரதம் தலை குனிந்தார்.

"எழுதல ஐயா. பேத்தியை மடியில போட்டுக்கிட்டு இருக்கிற மனுசன். பிரிச்சதும் செத்த பிள்ளை பேரா கண்ணுல படணும்? தேறினவனை மட்டும் எழுதினேன். ஒரு தைரியமா இருக்கட்டுமேன்னுதான்."

"அவருக்காகவா?"

அனவரதம் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"எனக்காகவும்தான். ஹக்கீம் உங்க ஓலையை முற்றத்துல வச்சு எல்லாரும் கேக்க வாசிப்பாராமே. அத்தனை பேர் முன்னால என் பிள்ளையை இன்னொரு தடவை சாகக் குடுக்க எனக்கு மனசு வரல."

சடையப்பர் கையை நீட்டித் துழாவி அவர் முழங்காலைத் தொட்டார். திட்டுவார் என்று நினைத்திருந்த அனவரதத்துக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி. எழுத வேண்டாம்" என்றார் சடையப்பர். "ஒண்ணு மட்டும் சொல்லும். பிள்ளை துவண்டு கிடக்கு. பெத்தவளால பாக்க முடியல. கஷாயம் வந்துட்டு. அந்தப் பிள்ளையை எப்படி வச்சுப் புகட்டுவாங்க?"

"எப்படின்னா... மடியில படுக்க வச்சு..."

சொல்லும்போதே அனவரதத்தின் வாய் நின்றுவிட்டது. அவர் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

வெளியே குதிரைக்காரன் செருமினான்.

அனவரதம் புது ஏடு ஒன்றை எடுத்தார். யாரும் சொல்லாமலே எழுதினார். தவறியவர், ஆவுடை. தலையைப் பிடித்துக்கொண்டவர் தகப்பன் என்பதையும் எழுதினார். அதன்கீழே, நிமிர்த்தி உட்கார வையுங்கள், பஞ்சில் நனைத்துத் துளித்துளியாக விடுங்கள் என்று எழுதினார். அந்த ஏட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

குதிரை போய்விட்டது. அதன்பிறகு சேதி இல்லை. அனவரதத்துக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுக் கழுத்துமணி எங்கே கேட்டாலும் வாசலுக்குப் போய் நின்றார். காயலில் இருப்பது யார் பேத்தியோ, இவர் தன் மகளுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். சடையப்பர் கேலி செய்யவில்லை. அவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் உப்பு வண்டி வந்தது. அனவரதம் நின்றபடியே பிரித்தார்.

"தவறியவர், ஆவுடை. அனவரதம் பிள்ளை மகள்."

"அவரு எதுக்கு நம்ம பிள்ளையை எழுதுதாரு?" என்றார் சடையப்பர். "மேல படியும்."

"உங்கள் ஓலை வரும்போது ஜைனபை மடியில் படுக்க வைத்து எங்கள் கஷாயத்தைப் புகட்டப் போய்க்கொண்டிருந்தோம். கிண்ணம் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் ஏட்டை வாசித்ததும் என் மருமகள் பிள்ளையை வாரி நிமிர்த்தினாள். விடியும்வரை துளித்துளியாக விட்டோம். ஒவ்வொரு துளிக்கும் அவள் ஆவுடை, ஆவுடை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

"தேறியவர், ஜைனப். நேற்று கஞ்சி கேட்டாள். பிறகு நோய் கண்ட படகோட்டியின் இளைய மகனுக்கும் மூச்சு சீரானது. ஆவுடைக்காக எங்கள் வீட்டில் இறைவனிடம் துஆ கேட்டோம்.

"வைத்தியம் பார்த்தவர் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தை விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிவையுங்கள்."

அனவரதம் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைக்கவும் இல்லை. வண்டிக்காரன் உப்பு அளந்துகொண்டிருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இடம் விட்டிருக்காரு ஐயா. உங்க பேரை எழுதட்டுமா, அவர் பேரையா?"

சடையப்பர் எழுத்தாணியைத் தடவி எடுத்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"ஆவுடைன்னு எழுதும்."