தலைவரின் மீசையில் ஒட்டிய சர்க்கரை

"கொடிக்கு உத்தரவு போட்டா மட்டும் போதாது, அதோட கூட…" என்று பழைய கட்டெறும்புத் தலைவர் அடிக்கடி சொல்வார். மீதியை யாரும் கேட்டதில்லை. அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

அவருக்குப் பின் கருத்தமுத்து தலைவரானபோது குளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. எறும்புப் புற்று குளத்து நடுவே ஒரு மேட்டில் இருந்தது. மேட்டிலிருந்து ஒரு காய்ந்த மூங்கில் கரைப் பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. மூங்கில் முடிகிற இடத்துக்கும் கரையிலிருந்த நொச்சிச் செடிக்கும் ஒரே ஒரு சாண் இடைவெளி. கொடி அதை எட்டினால் முட்டைகளோடு எல்லோரும் தப்பலாம். ஐந்து நாளில் புற்று மூழ்கிவிடும்.

கொடியோ அசையவில்லை.

"ஏய் கொடியே! வளரு!" என்று தலைவர் நுனியில் ஏறிக் கத்தினார். பிறகு, கொடியில் மேய்ந்த அசுவினிப் பூச்சிகளில் மூத்தவளைக் கூப்பிட்டார். அசுவினிகள் கொடியின் சாற்றை உறிஞ்சும். அவை கசியவிடும் இனிப்புத் துளியை எறும்புகள் குடிக்கும்.

"அம்மிணி, சாத்துல வளரச் சொல்ற ஹார்மோன் ஓடுதா?"

"ஓடுதுங்க தலைவரே! வாய் வைக்கிற இடமெல்லாம் 'வளரு, வளரு'ன்னுதான் ஓடுது!"

"பின்னே இந்தச் சோம்பேறிக்கு என்ன கேடு?"

தண்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. துளை வழியே தண்டுப்புழு தலையை நீட்டியது.

"உத்தரவுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல தலைவரே. கொடிக்குள்ள கோடிக்கணக்குல குட்டி அறைங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சர்க்கரையால பின்னின சுவர். உத்தரவு வந்தா சுவர் கொஞ்சம் நெகிழணும், புது இழை பின்னி இறுக்கிக்கணும். இழைக்குச் சர்க்கரை இல்லேன்னா, எந்த அறையும் உத்தரவைக் காதுல போட்டுக்காது."

"சர்க்கரை எங்கே போச்சு?"

"உங்க மீசையில ஒட்டியிருக்கே!"

அசுவினிகள் கொல்லென்று சிரித்தன. தலைவர் அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் யோக்கியமா? சுவரையே தின்னுறே!"

"தின்னுறேன். ஆனா தின்னுக்கிட்டே 'வளரு'ன்னு கத்துறதில்லையே!"

தலைவர் கீழே பார்த்தார். புற்றின் கீழறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எறும்புகள் முட்டைகளை மேலே தூக்கிக்கொண்டிருந்தன.

"பழையவர் சொல்ல வந்த மீதி இதுதானோ?"

"இருக்கும். அவரும் சாப்பிடத்தானே போயிட்டார்!"

அன்றே தலைவர் அசுவினிகளைத் தூக்கி மேட்டுப் புல்லில் விடச் சொன்னார். புல்லில் இனிப்பு கசியவில்லை. எறும்புகள் முணுமுணுத்தபடி உலர்ந்த விதைகளைக் கடித்தன. தண்டுப்புழுகூட மரியாதைக்கு வாயைக் கட்டிக்கொண்டது. யாரும் கத்தவில்லை. நான்காம் நாள் காலை கொடியின் சுருள் நொச்சிக் கிளையைப் பற்றியது. கடைசி முட்டையும் கரை சேர்ந்தது.

வளரச் சொல்கிறவர், வளரத் தேவையானதைத் தாமே தின்றுவிடக் கூடாது.

கரையில், கூடவே வந்த அசுவினிகள் நொச்சியின் இளந்துளிரில் வாய் வைத்தன. ஓர் எறும்பு முதல் இனிப்புத் துளியை ஏந்திக்கொண்டு ஓடிவந்தது.

"செடி முதல்ல பூக்கட்டும்" என்று சொல்லி, தலைவர் அசுவினிகளைத் துளிரிலிருந்து இறக்கச் சொன்னார்.