ஆறாவது ஃப்ரெட்

வேப்பேரியில் கித்தார் பழுது பார்க்கும் ஹெப்சிபாவை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வயது மூத்தவரான அருமைநாதனும் அப்படித்தான் கூப்பிட்டார். கல்யாணக் கச்சேரிகளில் வாசித்து ஓய்ந்தபின் மாஸ்டரிடம் தொழில் கற்க வந்தவர் அவர்.

அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள் நிலோஃபர். கடைக்கு வரும் புத்தம்புது கித்தார்களெல்லாம் அவள் மேசைக்குப் போயின. உடைசலும் கோளாறும் அருமைநாதனிடம் வந்தன.

சிங்கப்பூர் கச்சேரிக்குப் போகும் ஒரு குழு மாஸ்டரையும் உதவிக்கு ஒருவரையும் அழைத்திருந்தது. யார் அந்த ஒருவர் என்று மாஸ்டர் சொல்லவில்லை. நிலோஃபர்தான் என்று அருமைநாதனே முடிவுகட்டிக்கொண்டார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஐம்பதுக்கு மேல் பொறாமைப்படுவது லேசான காரியம் இல்லை. முட்டிவலியோடு அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், என்னைவிட அந்தப் பொண்ணுக்கு அப்படி என்ன தெரியும்?"

மாஸ்டர் ஒரு பழைய கித்தாரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"அஞ்சாவது ஃப்ரெட்ல அழுத்தினா கம்பி கிர்ருங்குதுண்ணே. நாளைக்கு ரெக்கார்டிங் இருக்காம். பாத்து வைங்க. நான் சாயங்காலம் வர்றேன்."

ஃப்ரெட் என்பது கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டு. அருமைநாதன் ஐந்தாவதில் விரல் வைத்து மீட்டினார். கம்பி பக்கத்திலிருந்த ஆறாவதில் போய் உரசியது.

அரத்தைத் தொடுமுன் சின்ன ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்துப் பார்ப்பது அந்தக் கடை வழக்கம். எது மேடு, எது பள்ளம் என்று அது காட்டிவிடும். அன்றைக்கு ஸ்கேல் நிலோஃபரின் மேசையில் கிடந்தது.

"ஸ்கேல் வேணுமா அங்கிள்?"

"வேணாம்."

அவளிடம் போய்க் கை நீட்டுவதா? ஆறாவது உயரம் என்பதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. அதை அரத்தால் ராவினார். ஐந்தாவது சுத்தமாகப் பேசியது.

ஆறாவதில் விரல் வைத்தார். கிர்ர். இப்போது ஏழாவது இடித்தது. அதையும் ராவினார். எட்டாவது இடித்தது.

வாசலில் ஒரு வாடிக்கையாளர் நிலோஃபரிடம், "கை வெச்சாலே பேசுதும்மா, உன் வேலையே தனி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருமைநாதனின் அரம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

மாஸ்டர் திரும்பி வந்தபோது அவர் கடைசி ஃப்ரெட்டில் இருந்தார். மாஸ்டர் கித்தாரின் கழுத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார்.

"அஞ்சாவதைப் பாருங்கண்ணே."

பார்த்தார். கம்பி அழுந்தி அழுந்தி ஐந்தாவது பள்ளமாகத் தேய்ந்திருந்தது.

"இது ஒண்ணை மாத்தியிருந்தா போதும்" என்றார் மாஸ்டர். "இப்ப அத்தனையும் பிடுங்கிப் புதுசு போடணும்."

நிலோஃபர் ஃப்ரெட் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த உதவியைப் பார்க்க அவருக்கு இன்னும் எரிந்தது.

"சிங்கப்பூருக்கு இவதானே?"

"இன்னிக்குக் காலை வரைக்கும் நீங்கதான். அங்க வர்றதெல்லாம் பழைய கித்தார். கோளாறைப் பாக்கத் தெரிஞ்ச ஆள்னு உங்களைத்தான் நெனச்சேன். இங்கயும் கஷ்டமானதெல்லாம் உங்ககிட்டதானே குடுத்தேன்?"

அருமைநாதன் அரத்தைக் கீழே வைத்தார். மேசையெல்லாம் உலோகத் தூளாகக் கிடந்தது.

"எந்த ஃப்ரெட்டோட நான் நிறுத்தியிருக்கணும், மாஸ்டர்?"

"நிறுத்துறதை விடுங்கண்ணே" என்றார் மாஸ்டர். "நீங்க ஆரம்பிச்சதே பக்கத்து ஃப்ரெட்லதான்."