எட்டு மெஷினுக்கும் ஒரே முகவரி

பாளையங்கோட்டையில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு என்று மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஆவுடையப்பன், அவருக்குக் கீழே மரியபுஷ்பமும் காசிமும். மூவரில் விவரமான ஆள் தான்தான் என்று ஆவுடையப்பன் நம்பியிருந்தார். இன்றைக்கு அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நோயாளிகளைப் பதிய எட்டு கவுண்டர்கள். அங்கே வெறும் திரைதான் இருக்கும். எட்டு கம்ப்யூட்டரும் தனித்தனிப் பெட்டியாக இல்லாமல், உள்ளறையில் ஒரே பெரிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாயமாக ஓடும். அதற்கு டெம்ப்ளேட் என்று ஒரு மாதிரியைச் செய்து வைத்துவிட்டு, இதையெல்லாம் அமைக்க வந்த இன்ஜினியர் நயினார், தன் மச்சினன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி கிளம்பினார்.

"இதிலிருந்து எட்டு மெஷின் எடுத்துக்கிடுங்க. செட்டிங்ஸ் ஒண்ணுகூட மாறக்கூடாது."

முதல் மெஷினை எடுக்கும்போதே திரை கேட்டது: புதுப் பெயர் என்ன? புது முகவரி என்ன?

"அண்ணாச்சி, பேரு செட்டிங்ஸ்ல சேருமா?" என்றான் காசிம்.

ஆவுடையப்பன் நெற்றியைத் தடவினார். "ஏலே, எம் பேரை மாத்தினா நான் நானா இருப்பேனா?"

"இருக்க மாட்டீங்க."

"அப்ப சேரும்."

"முகவரியும் சேரும் அண்ணாச்சி" என்றாள் மரியபுஷ்பம். "நாங்க வீடு மாறினதுக்கே ரேஷன் கார்டை மாத்தச் சொல்லிட்டாங்களே!"

எட்டுக்கும் ஒரே பெயர், ஒரே முகவரி. செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்று மூவரும் டீ குடித்தார்கள்.

திறப்பு நாள் காலையில் இருநூறு பேர் வந்து நின்றார்கள். முதல் கவுண்டர் ஓடியது. இரண்டாவதைப் போட்டதும் முதலாவது படுத்துவிட்டது. மூன்றாவதைப் போட்டால் இரண்டாவது. ஒரே பெயரில் எட்டுப் பேர் ஒரே முகவரியில் குடியிருந்தால் கடிதம் யாருக்குப் போகும்?

ஆவுடையப்பன் ஸ்டூலில் ஏறிக் கூவினார். "இப்ப அஞ்சுக்கு உயிர் வந்திருக்கு, எல்லாரும் அஞ்சுக்கு வாங்க! ஐயோ, ரெண்டுக்குப் போங்க!"

"கண்ணு தெரியாம வந்தவங்களை ஓடவிட்டு வேடிக்கையா பாக்கீரு?" என்று ஒரு அம்மாள் கேட்டதும் அவருக்குக் காது சிவந்தது. நயினாரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் கெட்டிமேளம்.

"எட்டுக்கும் தனித்தனி அட்ரஸ் கொடும்வே!" என்று கத்திவிட்டு நயினார் போனை வைத்தார்.

"ஆஸ்பத்திரி ஒண்ணுதானே? எட்டு அட்ரஸுக்கு எங்க போக?" என்றாள் மரியபுஷ்பம்.

"எங்க வீட்டு அட்ரஸை ஒண்ணுக்குக் கொடு. எங்க மாமியா வீட்டுது ஒண்ணு" என்றார் ஆவுடையப்பன், தாராளமாக.

நெட்வொர்க்கில் மெஷினுக்கு முகவரி என்பதே ஒரு எண்தான்; எண்களைத் தவிர வேறெதையும் அது ஏற்கவில்லை. கதவு எண்ணை மட்டும் போட்டார்கள். ஒன்றுவிடாமல் எட்டும் படுத்துவிட்டன.

மறுபடி போன் போனதும், கட்டிய பட்டு வேட்டியோடு காரில் வந்து இறங்கினார் நயினார். பெயரும் முகவரியும் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாகக் கொடுத்து, மற்றதையெல்லாம் டெம்ப்ளேட்டில் இருந்தபடியே விட்டார். அரைமணியில் எட்டும் ஓடின. ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இப்படியே எட்டுக்கும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து மெஷினுக்குள்ளயே சேமிச்சு வைங்க. நாளைக்கு எது கெட்டாலும் இந்த நிலைமைக்கே திரும்பிரலாம்" என்று சொல்லிவிட்டு நயினார் முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது, எட்டுத் திரைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த போட்டோக்காரர் எதிரே கேமராவோடு குனிந்து நின்றார். ஆறாவது திரை மட்டும் இருண்டு கிடந்தது. பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் நயினாரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுங்க சார். ஆறாவது மெஷின் கண்ணை மூடிட்டுது, இன்னொண்ணு எடுத்துக்கிடுதோம்."