ஏட்டில் ஏறிய மருந்து

முன்னொரு காலத்தில், மேகங்கள் இன்னும் பனைமர உயரத்திலேயே பறந்துகொண்டிருந்த நாளில், ஒரு நாட்டு அரண்மனை வைத்தியசாலைக்குத் திருமேனி வைத்தியர் தலைவராக இருந்தார். அவர் தும்மினால்கூடச் சீடர்கள் ஓலையில் எழுதிவைப்பார்கள்.

அரசனின் ஐந்து வயது மகள் ஆறு நாளாகக் காய்ச்சலில் அந்த வைத்தியசாலையில் கிடந்தாள். எந்தக் கஷாயமும் கேட்கவில்லை. இதே காய்ச்சலில் நாற்பது பேரைப் பிழைக்கவைத்த மலைநாட்டு வைத்தியச்சி பொம்மி, புது மரப்பட்டை மருந்தை விழுதாக அரைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

அரசன் அவளை உள்ளே அழைத்தான்; வைத்தியர் மறித்தார். "அரசே, தங்கள் பாட்டனார் ஆணை. வைத்திய ஏட்டில் இல்லாத மருந்து இந்தப் படியையோ ஜன்னலையோ தாண்டினால், கொண்டுபோனவன் தலை போகும். காய்ச்சல் இறங்காத நோயாளி வெளியே வரலாகாது, வெளி வைத்தியர் உள்ளே போகலாகாது."

"ஏட்டில் எழுதிவிட்டால்?"

"பன்னிரண்டு ஆண்டு ஆராய்ந்த பிறகே எழுதலாம். தங்கள் விகடகவி சாத்தையனைக் கேளுங்களேன். அவர் புத்திக்கு எட்டாததும் உண்டோ?"

அரசன் திரும்பினான். "சாத்தையா, பாட்டனார் வாக்கும் பிழைக்க வேண்டும், மகளும் பிழைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வழி செய். தவறினால் உன் தலை."

சாத்தையன் தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டு பொம்மியிடம் போனான். "எப்படிக் கொடுப்பது?"

"கடுகளவுதான் சாமி, கொதிச்சு ஆறின தண்ணியில. நாழிகைக்கு ஒருதடவை நாடி பார்க்கணும். கை நடுங்குனா நிறுத்திடணும். உள்ள இருக்கிற பொம்பளைங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக்கொடு."

ஜன்னல் வழியாகப் பாடம் நடந்தது. பணிப்பெண்கள் கடுகை வைத்து மூன்று தடவை அளந்து காட்டினார்கள். உள்ளே குழந்தையின் முனகலும் நின்றுபோயிற்று. அரசன் முகம் வெளுத்தது. வெயில் மதில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பாடம் முடிந்தது. மருந்து எப்படி உள்ளே போகும்?" என்று வைத்தியர் சிரித்தார்.

"ஐயா, ஏட்டில் அது எங்காவது இருந்து, தாங்கள் கவனிக்காமல்..." என்றான் சாத்தையன்.

"நானா? கவனிக்காமலா?" வைத்தியர் பாய்ந்துபோய் ஏட்டைக் கொண்டுவந்து விரித்தார். "தேடும்! ஆனால் என்னைத் தவிர எவரும் இதைத் தூக்கலாகாது. அந்திக்குள் இது உள்ளே போயாகவும் வேண்டும்."

சாத்தையன் பொம்மியின் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, ஓலையில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தான்.

"அடப்பாவி!"

"அரசே, மருந்து இப்போது ஏட்டில் இருக்கிறதா, இல்லையா?"

அரசன் ஓலையைப் பார்த்தான், மங்கும் வெயிலைப் பார்த்தான். "இருக்கிறது. வைத்தியரே, ஏட்டை உள்ளே எடுத்துச் செல்லும். ஓடும்!"

வைத்தியர் ஓடினார். உள்ளே பணிப்பெண்கள் ஓலையிலிருந்த விழுதைக் கடுகளவு சுரண்டித் தண்ணீரில் கரைத்தார்கள்.

மறுநாள் காலையில் குழந்தை கண் விழித்து, "பசிக்குது, முறுக்கு இருக்கா?" என்றது. அதன் பிறகுதான் அரசனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கோபுரத்துப் புறாக்களெல்லாம் அடுத்த நாட்டுக்கே போய்விட்டன.

"என்ன வேண்டும், சாத்தையா?"

"ஏட்டின் கடைசியில் நூறு வெற்று ஓலை, அரசே. பொம்மி இங்கேயே இருந்து கற்றுக்கொடுக்கட்டும். மருந்து யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று வைத்தியரே எழுதிவரட்டும்."

அரசன் ஓலையோடு ஒரு பட்டும் ஒரு கிராமமும் சேர்த்துக் கொடுத்தான். வைத்தியர் எழுத்தாணியை எடுத்து முதல் வரி எழுதினார்: 'இம்மருந்தை இவ்வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தவன் யானே.'

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.