எரிந்தும் விழாத உத்திரம்

தீ தின்னும்போது மரம் போடும் பட்பட் சத்தம் எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் தங்கபுஷ்பத்தின் காதை விட்டுப் போகவில்லை. குலசேகரத்து நடனக்கூடம் எரிந்த மாலை அது. மற்றப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அவள் மகள் அபிஷா மட்டும் உடைமாற்றும் அறையில் அகப்பட்டுக்கொண்டாள். வாசலில் நின்று கதறினாள் தங்கபுஷ்பம்: "எம் பிள்ளையக் காப்பாத்துனவங்களுக்கு எங் கல்யாணப் பட்டுச்சேலையப் போர்த்துவேன்!"

"மரக்கூரை, விழுந்துரும், போவாதலே!" என்று கூட்டம் தடுத்தது. ஆட்டோ ஓட்டும் ஜஸ்டஸுக்கு உள்ளிருந்து வந்த அலறல்தான் கேட்டது. நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு நுழைந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கூரை விழவில்லை.

மறுவாரம் தங்கபுஷ்பம் பட்டோடு அவனிடம் போனாள்.

"எக்கா, எனக்கெதுக்குப் பட்டு? ஆட்டோ சீட்டுக்கு உறை தைக்கவா?" என்று சிரித்தான் ஜஸ்டஸ். "கூரை நின்னுது, நான் வந்தேன். அதக் கட்டுன இஞ்சினியரம்மாட்ட போங்க."

பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரங்களைப் பலகைகளாக அறுத்து, பசை தடவி அடுக்கி, அழுத்தி ஒட்டிய உத்திரங்கள்தான் அந்தக் கூரையைத் தாங்கின. காட்டைத் தொடாமல் கட்ட வேண்டும் என்பது பொறியாளர் மெர்லினின் பிடிவாதம். பாரம் தாங்கத் தேவையானதைவிடத் தடியாகவே வரைந்திருந்தாள். தீப்பிடித்தால் மேற்புறம் கரியாகி உள்மரத்தைக் காக்கும். அந்தக் கட்டடத்தைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளைப் பாராட்டிப் போனதுண்டு. அவளோ, "ஒட்டு விட்டிருந்தா என் கணக்கு என்னத்துக்கு ஆகும்? ரோஸ்லெட்டப் பாருங்க" என்றாள்.

ரோஸ்லெட், அந்த உத்திரங்களை ஒட்டிய ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். பசை உலருமுன் பலகைகளை அழுத்தத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் மின்சாரம் போனதில் ஓர் உத்திரத்துக்குத் தாமதமாகிவிட்டது. பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவள் அதை இரண்டாக அறுக்கச் சொல்லிவிட்டாள்.

"நீ சொல்லாம இருந்தா ஆருக்குத் தெரியும்?" என்று முதலாளி சீறினார்.

"அதுக்குக் கீழ ஆராவது நிப்பாங்களே, சார்."

வேலை போயிற்று. அறுத்ததற்குப் பதிலாக ஒட்டிய உத்திரம்தான் உடைமாற்றும் அறைக்கு மேலே நின்றது.

மூவருக்கும் தங்கபுஷ்பம் கைகூப்பினாள். இருப்பதோ ஒரு பட்டு. சொல்லுங்கள், அது யார் தோளில் விழ வேண்டும்?

விடை: ரோஸ்லெட்டின் தோளில். ஜஸ்டஸை ஒரு குழந்தையின் குரல் அழைத்தது. மெர்லினின் அறிவை ஊரே பார்த்தது. ரோஸ்லெட்டை யாரும் அழைக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. முகம் தெரியாத ஒருவருக்காக வேலையை இழந்தாள். தங்கபுஷ்பம் பட்டைப் போர்த்தியபோது மற்ற இருவரும் பக்கத்தில் நின்று கைதட்டினார்கள்.

ரோஸ்லெட் ஆலைக்குத் திரும்பவில்லை. மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறாள்.