அழகுமலை என்று பேர் வைத்த செல்

கோவில்பட்டியில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் கூட்டாளிகள் மூன்று பேர்: பூவலிங்கம், இசக்கிராஜ், சுடலைக்கனி. சமையலில் சூரர்கள். மற்றதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி.

மறுநாள் அழகுமலை அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். சாயங்காலத்துக்குள் அரிசிக்குச் சொல்லியாக வேண்டும். இவர்களுக்கு எக்செல்லில் கணக்குப் போட்டுக் கொடுத்த மரியபுஷ்பம் போனில் விளக்கினாள்.

"பி-1 செல்லுல எத்தனை பேர்னு இருக்கு அண்ணாச்சி. அரிசிக்குப் போட்ட சூத்திரத்தைப் பருப்புக்கும் காய்க்கும் கீழே இழுத்தா, பி-1 நகர்ந்து பி-2 ஆயிரும். டாலர் போட்டுட்டு இழுங்க, நகராது."

பூவலிங்கம் கழுத்துச் சங்கிலியிலிருந்து முருகன் டாலரைக் கழற்றி, திரையில் பி-1 மேல் ஒட்டினார். இசக்கிராஜ் பிடித்துக் கீழே இழுத்தார். கம்ப்யூட்டர் மேசையிலிருந்து தரைக்கு வந்தது.

"நகர்ந்துச்சா?"

"டாலர் நகரலை. கம்ப்யூட்டர்தான் நகர்ந்திருக்கு."

மறுபடியும் போன். மரியபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். "டாலரே வேண்டாம். அந்த செல்லுக்கு ஒரு பேர் வைங்க. எந்தச் சூத்திரத்துலயும் அந்தப் பேரைச் சொன்னாப் போதும், சரியா வந்து நிக்கும்."

பேர் வைப்பது லேசுப்பட்ட காரியமா? சர்க்கரைத் தண்ணீர் கரைத்தார்கள்.

"குலசாமி பேரை வைப்போம்" என்றார் இசக்கிராஜ்.

"யார் வீட்டுக் கல்யாணம்? பொண்ணோட அப்பா பேர்தான் முறை" என்றார் சுடலைக்கனி.

திரைக்குக் காது எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் மும்மூன்று தடவை "அழகுமலை" என்று ஓதி, விசைப்பலகைக்கு ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரும் வைத்தார்கள். பிறகு மூவரும் தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள்.

"அழகுமலை! ஏய் அழகுமலை!"

"எவம்லே அது, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது?"

வாசலில் அண்ணாச்சி! அரிசி என்ன ஆச்சு என்று பார்க்க வந்தவர்.

மூவருக்கும் புல்லரித்தது. "சரியா வந்து நின்னுட்டாருலே!"

"அரிசி எத்தனை கிலோ சொன்னீக?"

"இந்தா, இப்பத் தெரிஞ்சிரும்" என்று அவரை அப்படியே தூக்கி மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்தார்கள். எண்பத்திரண்டு காட்டியது. எண்பத்திரண்டு கிலோ அரிசிக்குச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்தில் எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். ஒரு கவளம் குறையவில்லை, ஒரு கவளம் மிஞ்சவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பேராம். பெண்ணின் அப்பாவோ ஒல்லிக்குச்சி. மூன்று வேளையும் அவர் வீட்டுக்கு நெய்ச்சோறு சுமந்துபோய், பூவலிங்கம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்: "இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி, பந்திக்குப் பத்தாது!"