பொற்கொம்பனும் நொண்டித் தேவாங்கும்

மூங்கில் காட்டில் சாந்தன் என்று ஒரு தேவாங்கு இருந்தது. குச்சிக் கைகள், உருண்டைக் கண்கள், போதாததற்கு ஒரு கால் வேறு நொண்டி. ஆனால் முள் எடுக்கவும் காயத்துக்குப் பச்சிலை வைக்கவும் அதை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

"நம்ம வைத்தியர் கிளம்பிட்டாரு! வழி விடுங்க, காத்தடிச்சா விழுந்துடுவாரு!" என்று குரங்கு கேலி பேசும். சாந்தன் சிரித்துக்கொண்டே போய்விடும்.

அந்தக் காட்டுக்குக் காவலாகப் பொற்கொம்பன் என்ற காட்டெருமையும் இருந்தது. செந்நாய்கள் வந்தால் போதும், எங்கிருந்தோ பாய்ந்து வந்து விரட்டிவிடும். அப்புறம் ஆளையே காணோம்! விலங்குகள் நன்றியோடு பாறைமேல் இளம்புல் படைக்கும். என்ன அதிசயமோ, படைத்த புல் அப்படியே காய்ந்து கிடக்கும்.

பின்னே, தேவாங்கு புல் தின்னுமா? சாந்தன்தான் பொற்கொம்பன். கடவுளை வேண்டிக்கொண்டு குளத்தில் முங்கினால் காட்டெருமை; மறுபடி முங்கினால் தேவாங்கு. கடவுள் கொடுத்த வரம் அது. "மாறும்போது யாராவது பார்த்துவிட்டால் வரம் போய்விடும்" என்றும் அவர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் உச்சிவேளையில் செந்நாய்கள் வந்தன. பொற்கொம்பன் முட்டித் துரத்தியது. ஆனால், மிரண்டு ஓடிய ஒரு மான்குட்டியின் கழுத்தில் மூங்கில் சிலாம்பு ஆழமாகக் குத்திவிட்டது. குட்டிக்கு மூச்சுத் திணறியது.

"சாமி, என் பிள்ளையைக் காப்பாத்துங்க!" என்று தாய்மான் கதறியது.

பொற்கொம்பன் குனிந்து பார்த்தது. அவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு சிலாம்பை எடுக்க முடியுமா?

"சாந்தன் அண்ணனையாவது கூப்பிடுங்களேன்!" என்று தாய்மான் கெஞ்சியது.

"அந்த நொண்டி வந்து சேர்றதுக்குள்ள குட்டி போயிடும்!" என்றது குரங்கு.

"எல்லாரும் கண்ணை மூடுங்க!" என்றது பொற்கொம்பன். குரங்கு மூடாது என்று அதற்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "கடவுளே, இந்தக் குட்டி பிழைக்கட்டும்" என்று பக்கத்தில் இருந்த குளத்தில் இறங்கியது.

குரங்கு விரலிடுக்கில் பார்த்தது. "ஐயையோ! நம்ம சாந்தன்!"

சாந்தன் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஈரம் சொட்ட நொண்டி நொண்டி வந்தது. "ஆச்சு கண்ணு, ஆச்சு..." என்று சொல்லிக்கொண்டே சிலாம்பை மெல்ல உருவியது. பச்சிலையைக் கசக்கி அப்பியது. குட்டி ஒரு தரம் இருமியது. பிறகு எழுந்து, தாயின் மடியை முட்டிப் பால் குடித்தது!

குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. "என்னாலதானே அண்ணே வரம் போச்சு! இனிமே செந்நாய் வந்தா என்ன பண்றது?"

"கொம்புதானேடா போச்சு, கை இருக்கே! மூடாத கண்ணு உனக்கும் இருக்கு. மரத்து மேல ஏறிக் காவல் பாரு!"

அன்றுமுதல் குரங்கு உச்சிக்கிளையில் இருந்து குரல் கொடுத்தது. செந்நாய்கள் வருவதற்குள் எல்லா விலங்குகளும் தப்பித்துக்கொண்டன. பாறைமேல் படையலும் நிற்கவில்லை. ஆனால் புல் அல்ல, அத்திப்பழமும் வெட்டுக்கிளியும். ஒன்றுகூட மிச்சமில்லை!

பிறர் துன்பம் தீர்வதற்காகத் தன் பெருமையை விட்டுக்கொடுப்பவரே உண்மையான வீரர்.